கான்ட்ராக்டர் வேலைய பாதில நிறுத்திட்டு இன்னும் பணம் கேக்குறாரா? நான் பட்டு கத்துக்கிட்டது, ஸ்டெப் பை ஸ்டெப்பா

குரோம்பேட்டைல அம்மா பேர்ல இருக்குற பழைய வீடு. ரெண்டு பாத்ரூம், கிச்சன், மொட்டமாடி வாட்டர் ப்ரூஃபிங், வெளிப்புற பெயிண்டிங் எல்லாம் சேத்து 9,40,000க்கு ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பேசி விட்டேன். நாலாவது மாசம் பாத்தா அவர் கைக்கு 7,80,000 போயிருக்கு, வேல பாதிய கொஞ்சம் தாண்டி நிக்குது, அன்னிக்கு ராத்திரி ஒரு வாய்ஸ் நோட் வருது, "சார் எக்ஸ்ட்ரா வேலையே 2,65,000 ஆயிருக்கு, அத போட்டு விட்டீங்கன்னாதான் ஆள் வரும்"னு. அதுக்கப்புறம் நான் பண்ணதுல பாதி தப்பு. கத்துனேன், அவர் மச்சான்கிட்ட பேசுனேன், போன ப்ளாக் பண்ணேன், எதுவும் வேலைக்கு ஆகல. கடைசில வேலைக்கு ஆனது ஒரு டேப்பும் ஒரு நோட்டும்தான், அத ஏன்னு கீழ சொல்றேன். இது தமிழ்நாட்டுல இருக்குறவங்களுக்கு, சொந்தமா குடியிருக்குற வீட்டு வேலைக்கு. கடை, லாட்ஜ் மாதிரி வியாபாரத்துக்கான கட்டடம்னா கன்ஸ்யூமர் கேஸ் நிக்குமான்னு முதல்ல ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

1. பணத்த நிறுத்துங்க, ஆனா வாயால நிறுத்தாதீங்க

சும்மா போன் எடுக்காம இருந்தா நாளைக்கு அவர் "ஓனர் பணம் தரல, அதான் வேலைய நிறுத்துனேன்"னு சொல்லுவார், அது கேக்குறதுக்கு நியாயமாவும் இருக்கும். அதனால அன்னிக்கே ஒரு மெசேஜ் போடுங்க. இது வரைக்கும் இவ்ளோ குடுத்திருக்கேன், இன்ன இன்ன வேல முடியல, நீங்க சொல்ற எக்ஸ்ட்ரா வேலைக்கு ஐட்டம் வாரியா அளவு போட்டு பில் குடுங்க, ரெண்டு பேரும் சேந்து அளந்துட்டு வர்றத குடுக்குறேன், இந்த தேதிக்கு சைட்டுக்கு வாங்க, அவ்ளோதான். கோவமா ஒரு வார்த்த வேணாம், இந்த மெசேஜ் பின்னாடி யார் யார் கண்ணுலயோ படும்.

கையில கேஷா குடுத்து ரசீது வாங்காம விட்டவங்க (நானும்தான், 80,000மும் 70,000மும் ரெண்டு தடவ) அதையும் இதே மெசேஜ்ல தேதி போட்டு எழுதிடுங்க. அவர் அந்த சூட்டுல எக்ஸ்ட்ராவ பத்தி சண்ட போடுவாரே தவிர "நீ கேஷே தரல"ன்னு சொல்ல மாட்டார். எனக்கு வந்த பதில் "பழச எல்லாம் வாங்குனேன் சார், இல்லன்னு சொல்லல, எக்ஸ்ட்ராவுக்கு சொல்லுங்க". அந்த ஒத்த வரி 1,50,000க்கு ரசீது ஆயிடுச்சு. ஏடிஎம்ல, பேங்க்ல பணம் எடுத்த தேதிய ஸ்டேட்மென்ட்ல மார்க் பண்ணி வெச்சுக்கோங்க. இன்னொன்னு, ஒரே வேலைக்கு மொத்தமா 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்குறது வருமான வரி சட்டத்துல வாங்குறவருக்குதான் பிரச்ன, அதனால "கேஷாவே குடுங்க சார் டிஸ்கவுண்ட் தரேன்"னா அந்த டிஸ்கவுண்டே வேணாம்னு சொல்லிடுங்க.

2. சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வர்ற கொத்தனார்

இது எல்லார் வீட்லயும் நடக்கும். கான்ட்ராக்டர் பட்டுவாடா பண்ணாம விட்டுருவார், கொத்தனாரும் சித்தாளும் நேரா நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. என் வீட்டுக்கு வந்தவர் கையில சிமெண்ட் கூட கழுவாம நின்னு "மூணு வாரமா வெறும் பேட்டா காசுதான் சார் குடுத்தாரு"ன்னார். குடுக்காம அனுப்ப மனசு வராது. குடுங்க, ஆனா வவுச்சர்ல எத்தன நாள் கூலி, எவ்ளோன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு, அப்பவே கான்ட்ராக்டருக்கு "உங்க ஆளுக்கு உங்க கணக்குல இவ்ளோ குடுத்துட்டேன், உங்க பில்லுல கழிச்சுக்குறேன்"னு போட்டோவோட அனுப்பிடுங்க. போடலன்னா அது தர்ம கணக்குதான். என் 7,80,000ல இப்படி குடுத்த 14,000மும் இருக்கு.

அவரோட சாமான் சைட்ல கெடக்கும், சாரம், கட்டிங் மெஷின், ட்ரில்லு. பணம் தந்தாதான் தருவேன்னு பூட்டி வெக்குற ஆச வரும். வேணாம். அவர் ஸ்டேஷன்ல போய் என் மெஷின திருடிட்டாங்கன்னு எழுதிக் குடுத்தா நீங்க அங்க போய் நிக்கணும். லிஸ்ட் எழுதி, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிட்டு குடுத்து விடுங்க. ஆனா நீங்க காசு குடுத்து எறக்குன டைல்ஸ் பாக்ஸ், ப்ளைவுட் ஷீட்ட ஏத்த விடாதீங்க.

ஸ்டேஷன்னு சொன்னதால ஒரு வார்த்த, பணத் தகராறு சிவில் மேட்டர், போலீஸ் வசூல் பண்ணித் தரமாட்டாங்க. மிரட்டுனாலோ வீட்டுல வந்து கலாட்டா பண்ணாலோ மட்டும் கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சீட்டு) வாங்கிக்கோங்க.

3. ஃபைல் போடுங்க

கொட்டேஷன் (வாட்ஸ்அப்ல வந்த போட்டோவா இருந்தாலும் சரி), அக்ரிமென்ட் இருந்தா அது, ஜிபே, என்இஎஃப்டி, செக் எல்லாத்துக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், நீங்களே வாங்குன மெட்டீரியல் பில்லு, வேல ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, வாய்ஸ் நோட்டு. அக்ரிமென்ட் இல்லியேன்னு பயப்படாதீங்க, கொட்டேஷனும் அத ஏத்துக்கிட்ட மெசேஜும் அட்வான்ஸ் போன ஸ்டேட்மென்ட்டும் சேந்தாலே ஒப்பந்தம்னு காட்ட முடியும்.

வாட்ஸ்அப் சாட்ட ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்தா பத்தாது, மீடியாவோட எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, போன மாத்திடாதீங்க. 2024 ஜூலை 1லேர்ந்து புது சாட்சிய சட்டம் வந்துருக்கு, அதுல பிரிவு 63 கீழ எலக்ட்ரானிக் ரெக்கார்டுக்கு ஒரு சர்டிஃபிகேட் குடுக்கணும், ஏ பார்ட் நீங்க, பி பார்ட் ஒரு எக்ஸ்பர்ட். கன்ஸ்யூமர் கமிஷன்ல (நுகர்வோர் கோர்ட்) இத அவ்ளோ கறாரா பாக்க மாட்டாங்கன்னாலும், அவர் சிவில் கோர்ட்டுக்கு போனா தேவப்படும்.

ஒரு பொறி இங்க இருக்கு. வீடு அம்மா பேர்ல, கொட்டேஷன் என் பேர்ல, பாதி பணம் என் மனைவி அக்கவுண்ட்லேர்ந்து. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது லட்டு. நான் அம்மாவையும் என்னையும் சேத்து ரெண்டு பேரா கேஸ் போட்டேன், மனைவி அனுப்புன பணத்துக்கு "என் கணவர் சொல்லித்தான் அனுப்புனேன்"னு ஒரு அஃபிடவிட்.

4. அளந்து பாருங்க, இதுதான் மொத்த கேஸும்

நான் ரெண்டு மாசம் "நீ ஏமாத்திட்ட", "நீதான் ஏமாத்துற"ன்னு பேசிட்டு இருந்தேன். அந்த பேச்சுக்கு முடிவே கெடையாது. அளவு எழுதுன அன்னிக்குத்தான் அவர் தொனி மாறுச்சு.

சைட்டுக்கு வரச் சொல்லி தேதி குடுத்தீங்கல்ல, அவர் வரலன்னாலும் அன்னிக்கே அளந்துடுங்க, ரெண்டு சாட்சி வெச்சுக்கிட்டு, வீடியோ ஓடிட்டே இருக்கட்டும், டேப் நம்பர் தெரியுற மாதிரி. புது ஆள் யாரும் கை வெக்கறதுக்கு முன்னாடி இது நடக்கணும், அப்புறம் யார் எத பண்ணாங்கன்னே சொல்ல முடியாது.

ஒரு பாத்ரூம மட்டும் போட்டுக் காட்றேன். 8 அடிக்கு 5 அடி, சுத்தளவு 26 அடி, டைல்ஸ் உயரம் 7 அடி, ஆக 182 சதுர அடி. கதவு ரெண்டரைக்கு ஏழு, 17.5 கழிச்சா 164.5, வென்டிலேட்டர் ரெண்டுக்கு ஒன்ற, 3 கழிச்சா 161.5. அவர் பில்லுல 210. எப்படின்னு கேட்டா கதவ கழிக்கவே இல்ல, மேல 15 பர்சென்ட் வேஸ்டேஜ்னு போட்டுருக்கார். டைல்ஸ் வாங்கும்போது வேஸ்டேஜ் சேத்து வாங்குறது சரிதான், வெட்டுறதுல போகும், உடையும். ஆனா ஒட்டுற லேபருக்கு எதுக்கு வேஸ்டேஜ்? செவுத்துல ஒட்டாத டைலுக்கு யாரும் கூலி வாங்க முடியாது. ஒரு பாத்ரூமுக்கு 48.5 சதுர அடி, சதுர அடிக்கு 45 ரூபா லேபர், 2,182 ரூபா. சின்ன தொகதான், ஆனா இதே கணக்க பெயிண்டிங்ல போட்டு பாத்தா (ஜன்னல் கதவு எதையும் கழிக்காம, காம்பவுண்ட் செவுர ரெண்டு தடவ) தல சுத்திடும்.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நாலு கட்டம் போடுங்க: கொட்டேஷன்ல என்ன, சைட்ல அளவு என்ன, ரேட் என்ன, எவ்ளோ பர்சென்ட் முடிஞ்சிருக்கு. பாதில நிக்குற வேலைக்கும் மதிப்பு போடணும், புட்டி ரெண்டு கோட் அடிச்சு பெயிண்ட் அடிக்காம போயிருந்தா அந்த புட்டிக்கு காசு உண்டு. நேர்மையா போடுங்க. எக்ஸ்ட்ரா வேலைலயும் நாம வாயால சொன்னது இருக்கும். நான் கிச்சன்ல கூட ஒரு லாஃப்ட் கேட்டேன், பாத்ரூம் ஸ்விட்ச் பாயிண்ட்ட மாத்த சொன்னேன், அத இல்லன்னு சொல்ல முடியுமா. அவர் கேட்ட 2,65,000ல 38,000 நியாயம்னு ஒத்துக்கிட்டேன்.

என் கணக்கு: முடிஞ்ச வேல 5,24,000, எக்ஸ்ட்ரா 38,000, மொத்தம் 5,62,000. குடுத்தது 7,80,000. நான் 2,18,000 கூட குடுத்திருக்கேன்.

பில்லுல ஜிஎஸ்டி 18 பர்சென்ட்னு கடைசி வரில இருக்கும், ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க. நம்பர் இல்லாதவர் ஜிஎஸ்டின்னு ஒரு ரூபா வசூல் பண்ணக் கூடாது. நம்பர் இருந்தா போர்ட்டல்ல அடிச்சு பாத்துக்கோங்க, ரத்தான நம்பரா கூட இருக்கும்.

5. தரம் பிரச்னன்னா இடிக்காதீங்க, ரிப்பேரும் பண்ணாதீங்க

எங்க கிச்சன் சிங்க்குக்கு அடில இருக்குற ப்ளைவுட் மூணாவது மாசமே ஊறி பிஸ்கெட் மாதிரி உப்பிடுச்சு. கொட்டேஷன்ல 710 கிரேடுன்னு எழுதியிருந்தார், அது தண்ணி தாங்குற மரைன் ப்ளை, ஐஎஸ் 710. லேமினேட்ட உரிச்சு பாத்தா ஷீட் மூலைல முத்திரை 303, எம்ஆர் கிரேடு, ஈரம் படாத எடத்துல போடுறது. அந்த முத்திரைய போட்டோ எடுத்தேன் பாருங்க, கேஸ்ல அதவிட பேசுனது எதுவுமே இல்ல. அதே மாதிரி டைல்ஸ ஒரு ரூபா காசால தட்டிக்கிட்டே போங்க, டொக்கு டொக்குன்னு காலியா கேட்டா அங்க கலவ நெறையல, சாக்பீஸ்ல வட்டம் போட்டு படம் எடுங்க.

நம்ம படம் நம்ம பேச்சுன்னு சொல்லிடுவாங்கன்னு ஒரு சார்ட்டர்ட் எஞ்சினியர கூட்டிட்டு வந்து ரிப்போர்ட் வாங்குனேன், 6,500 ஆச்சு, ஒரு விசிட், அளவும் தரமும் சேத்து, லெட்டர்ஹெட்ல சீல் போட்டு. இன்ஸ்பெக்ஷன் தேதிய கான்ட்ராக்டருக்கும் எழுதி சொல்லிடுங்க, வந்தா வரட்டும்.

அதுக்கப்புறம் ரிப்பேர் பண்ணலாமான்னா, குடியிருக்குற வீட்ல பாத்ரூம் இல்லாம எத்தன நாள் இருக்க முடியும். ரிப்போர்ட் கையில வந்து, "நீங்க 15 நாள்ல சரி பண்ணலன்னா வேற ஆள வெச்சு உங்க செலவுல பண்ணிக்குவேன்"னு எழுதிக் குடுத்து, அந்த நாளும் தாண்டுனா பண்ணிக்கோங்க, பழைய ப்ளைவுட்ல ஒரு துண்டு எடுத்து வைங்க. அவசரம் இல்லாத வேலைய மட்டும் கேஸ் வர வரைக்கும் தொடாதீங்க, கமிஷன்லயே ஒருத்தர அனுப்பி பாக்க சொல்லி மனு போடலாம் (அவர் ஃபீஸ் நம்மதான் முதல்ல கட்டணும்).

6. நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்பணும்னு கட்டாயம் இல்ல, நீங்களே எழுதலாம். ஆனா லெட்டர்ஹெட்ட பாத்தா சில பேருக்கு உடனே ஞானம் வரும், நான் 3,000 குடுத்து அனுப்புனேன். ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம். எப்ப பேசுனது, எவ்ளோ குடுத்தது, அளவு என்ன சொல்லுது, எவ்ளோ திருப்பித் தரணும், 15 நாள் டைம், கூடவே அளவு டேபிளும் எஞ்சினியர் ரிப்போர்ட்டும்.

பதிவுத் தபால 2025ல ஸ்பீட் போஸ்டோட சேத்துட்டாங்க, அதனால கவுண்டர்ல ஸ்பீட் போஸ்ட்ல ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், டெலிவரி அத்தாட்சி வேணும்னு கேளுங்க. ஆன்லைன் ட்ராக்கிங் பக்கத்தையும் அப்பவே பிரிண்ட் எடுத்துடுங்க, ரொம்ப நாள் அங்க நிக்காது. அவர் ஆதார்ல, கொட்டேஷன்ல, பில்லுல எத்தன அட்ரஸ் இருக்கோ அத்தனைக்கும் ஒன்னு, வாட்ஸ்அப்லயும் ஒன்னு.

கவர் "வாங்க மறுத்துட்டார்"னு எழுதி திரும்பி வந்தா சந்தோஷப்படுங்க. அந்த கவர பிரிக்காதீங்க. சரியான அட்ரஸுக்கு போன தபால வாங்க மறுத்தா, வாங்குனதாத்தான் எடுத்துக்குவாங்க. எங்க அம்மா ஆர்வத்துல பிரிக்கப் போனாங்க, கையிலேர்ந்து புடுங்குனேன்.

இந்த 15 நாள்ல 1915 ஹெல்ப்லைன்லயும் கம்ப்ளைன்ட் பதிஞ்சு வைங்க, காசு கெடையாது. பெரிய கம்பெனின்னா அங்கயே கூட முடியலாம், நம்ம ஏரியா கான்ட்ராக்டர் அதுக்கெல்லாம் அசர மாட்டார், ஆனா நீங்க சமாதானமா முயற்சி பண்ணதுக்கு ஒரு நம்பர் கெடைக்கும்.

பயந்து ஒரு செக் குடுத்தார்னா அதுலயும் ஒரு கண்ணு வைங்க. செக் 3 மாசத்துக்குத்தான் செல்லும். பவுன்ஸ் ஆனா ரிட்டர்ன் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அவருக்கு 15 நாள், அப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட். "கொஞ்சம் பொறுங்க சார், அடுத்த வாரம் போடுங்க"ன்னு இழுத்துட்டே போனா இந்த நாள் எல்லாம் தாண்டிடும்.

7. கன்ஸ்யூமர் கமிஷன்ல ஃபைல் பண்றது

எங்க போடணும்னு முதல்ல பாருங்க. நான் பண்ண கூத்து இது: அட்ரஸ்ல சென்னை 44னு இருக்கேன்னு சென்னை கமிஷனுக்கு ரெடி பண்ணிட்டேன், குரோம்பேட்டை செங்கல்பட்டு மாவட்டம். தபால்ல சென்னைன்னு இருந்தா மாவட்டம் சென்னைன்னு அர்த்தம் இல்ல. புறநகர்ல இருக்குறவங்க தாலுகாவ பாத்துக்கோங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நாம குடியிருக்குற எடத்துலயே போடலாம், கான்ட்ராக்டர் ஊருக்கு அலைய வேணாம்.

எந்த லெவல்ங்கறத நாம கேக்குற நஷ்ட ஈட்ட வெச்சு பாக்குறதில்ல, குடுத்த பணத்த வெச்சுத்தான். 50 லட்சம் வரைக்கும் மாவட்ட கமிஷன். ஃபீஸும் அத வெச்சுத்தான்: 5 லட்சம் வரைக்கும் ஒன்னும் கெடையாது, 10 லட்சம் வரைக்கும் 200, 20 வரைக்கும் 400, 50 வரைக்கும் 1,000. எனக்கு 200 ரூபா. ஆமா, வெறும் 200.

பிரச்ன ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். "பேசிட்டு இருந்தோம் அதனால லேட்"ங்கறது அவ்ளோ சுலபமா எடுபடாது, அதனால கடைசியா ஆள் வந்த தேதிய காலண்டர்ல எழுதிட்டு அதுலேர்ந்து எண்ணுங்க.

ஆன்லைன்ல இ-ஜாக்ரிதி போர்ட்டல், முன்னாடி இ-தாக்கில்னு இருந்தது. மொபைல் ஓடிபி போட்டு அக்கவுண்ட், அப்புறம் புகார் மனு, தேதி வாரியா ஒரு பட்டியல், நோட்டரி போட்ட அஃபிடவிட், ஆவணங்கள் எல்லாம் பிடிஎஃப்பா. ஆவணத்துக்கு வரிசை நம்பர் போட்டு, மனுல ஒவ்வொரு வரிக்கும் அந்த நம்பர குறிப்பிடுங்க, இத ஒழுங்கா பண்ணாததால எனக்கு ஒரு தடவ மனுல குறை இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பேப்பர் செட்டும் எடுத்து வைங்க, கமிஷனுக்கு, நமக்கு, எதிர்த்தரப்பு எத்தன பேரோ அத்தன. வக்கீல் கட்டாயம் இல்ல, நான் வெக்கல. நோட்டரி, ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் 1,400 ஆச்சு. எஞ்சினியர், நோட்டீஸ், ஃபீஸ் சேத்தா மொத்தம் 11,100.

கேட்டது: கூட குடுத்த 2,18,000, ப்ளைவுட் மாத்த ஆகுற 46,000, மன உளைச்சலுக்கு ஒரு தொக, வழக்கு செலவு. மன உளைச்சலுக்கு பத்து லட்சம்னு போடாதீங்க, மத்த கணக்கு மேலயும் நம்பிக்க போயிடும்.

8. அப்புறம்

கமிஷன் அனுப்புற நோட்டீஸ் கெடைச்ச 30 நாள்ல அவர் பதில் போடணும், கமிஷன் மனசு வெச்சா இன்னும் 15 நாள், அதுக்கு மேல கெடையாது, சுப்ரீம் கோர்ட்டே 2020ல சொல்லிட்டாங்க. அதனால 45வது நாள குறிச்சு வெச்சுக்கிட்டு, தாண்டுனா அன்னிக்கே எடுத்துச் சொல்லுங்க. சட்டப்படி 3 மாசம், டெஸ்ட் தேவப்பட்டா 5 மாசத்துல முடிக்கணும்னு இருக்கு, அத நம்பி ஹவுஸ்வார்மிங்குக்கு நாள் குறிச்சிடாதீங்க.

அவரே முந்திக்கிட்டு பாக்கி வரணும்னு உங்க மேல சிவில் கேஸ் போடவும் முடியும், அவருக்கு 3 வருஷம் டைம் இருக்கு. சம்மன் வந்தா வாங்காம ஓடாதீங்க, அந்த எடத்துல வக்கீல் வெச்சுக்குறதுதான் நல்லது.

எங்களுக்கு மூணாவது வாய்தால மீடியேஷனுக்கு அனுப்பட்டுமான்னு கேட்டாங்க, ரெண்டு பேரும் சரின்னோம். அங்க அவர் மொதல்ல சொன்னது "கேஸ வாபஸ் வாங்க சொல்லுங்க, வெளிய வெச்சு குடுத்துடுறேன்". இதுக்கு மட்டும் தலையாட்டிடாதீங்க. ஒத்துக்கிட்ட தொகைய எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, அத கமிஷன் உத்தரவா பதிவு பண்ணணும், தேதி, தவண, தவறுனா வட்டி எல்லாம் அதுல இருக்கணும். 1,90,000க்கு முடிச்சோம், ஒரு லட்சம் உடனே, 90,000 ரெண்டு மாசத்துல. முழுசா வரல, தெரியும், ஆனா அப்பீல், 45 நாள், ஸ்டேட் கமிஷன்னு இன்னும் இழுக்க எனக்கு தெம்பு இல்ல. ஃபைல் பண்ணதுலேர்ந்து ஏழு மாசம்.

உத்தரவு போட்டும் தரலன்னா அதே கமிஷன்ல நிறைவேற்று மனு போடலாம், அதே 2019 சட்டத்துல பிரிவு 71ல ஜப்தி, 72ல ஒரு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 25,000லேர்ந்து ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். எனக்கு அது வரைக்கும் போகல. ரெண்டாவது தவண ஆறு நாள் லேட்டா, ராத்திரி பத்தரைக்கு அக்கவுண்ட்ல விழுந்துச்சு, கூடவே "செட்டில்டு சார்"னு ஒரு மெசேஜ். அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டுட்டுத்தான் தூங்குனேன்.